பையில் வைத்துப் பழக ஒரு பேனாக்கத்தி

கேட்டிருப்பது இதுதான்: "தினமும் பையில் இருக்கும்படி, பழைய மரபில் செய்த மடக்குக்கத்தி ஒன்று வாங்க வேண்டும். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, பென்சில் சீவ, மாடித் தோட்டத்தில் காம்பு வெட்ட. தேடினால் நூறு வகை வருகிறது. உங்களுக்குப் பிடித்தது எது, ஏன்?"

பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் நாட்டு ஒபினெல், 7ஆம் எண் அளவு, கார்பன் எஃகு அலகு, பீச் (beech) மரக் கைப்பிடி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மடக்குக்கத்திகளை வாங்கியும் தீட்டியும் நண்பர்களுக்குக் கொடுத்தும் வருகிறேன். இதைவிட அழகானவையும் உறுதியானவையும் பல மடங்கு விலையுள்ளவையும் வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கின்றன. காலையில் கிளம்பும்போது கை தானாக எடுப்பது இந்த மரப்பிடியைத்தான். ஏன் என்று கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் காரணங்கள் உங்களுக்குப் பொருந்தாமல் போனால் வேறு எதை நாட வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கத்தி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கைப்பிடியைப் பார்க்கிறார்கள், பிறகு எஃகின் பெயரை விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அலகின் கனத்தை. ஒரு கேரட்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முதுகில் 3 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள கத்தி பாதி வரை வெட்டும். அதற்குப்பின் கோடரி விறகைப் பிளப்பதுபோல் பிளந்துகொண்டு போகும். அங்கே கூர் வேலை செய்யவில்லை, கனம்தான் வேலை செய்கிறது. ஒபினெலின் அலகு முதுகில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். அங்கிருந்து விளிம்பு வரை சீராக மெலிந்துகொண்டே வருகிறது. கேரட், ஆப்பிள், கெட்டிக் கொய்யா எதுவானாலும் கடைசி வரை வெட்டியே செல்லும். தினசரி வேலைக்கு வாங்கும் கத்தியில் இந்த மெல்லிய தன்மையைவிடப் பெரிய குணம் எதுவும் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். மெல்லிய அலகால் டப்பா மூடியை நெம்பக் கூடாது, ஆணியைத் திருகக் கூடாது, முனை உடைந்துவிடும். கத்தியை வெட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அது ஒரு குறையே அல்ல.

இந்தக் கத்தி பிறந்த இடம் ஆல்ப்ஸ் மலையின் சவோய்ப் பகுதி. சான் ஜான் த மோரியென் ஊருக்கு மேலே உள்ள மலைக்கிராமம் ஒன்றில் கோடரியும் அரிவாளும் அடித்துவந்த கொல்லர் குடும்பம் ஒபினெல் குடும்பம். 1890இல் ஜோசப் ஒபினெல் என்ற 18 வயது மகன், உழவர்களும் ஆடுமாடு மேய்ப்பவர்களும் பையில் வைத்துக்கொள்ள எளிய மடக்குக்கத்தி ஒன்றை வடிவமைத்தார். 1897இல் அதை 1 முதல் 12 வரை எண்ணிட்டு 12 அளவுகளில் செய்யத் தொடங்கினார். 1, 11 ஆகிய எண்கள் பிற்பாடு நிறுத்தப்பட்டன; மற்றவை இன்றும் அதே எண்களில் வருகின்றன. அலகில் ஒரு கையும் அதன்மேல் கிரீடமும் பொறித்திருப்பதைக் காணலாம். 1909இல் பதிவு செய்த முத்திரை அது. கை, திருமுழுக்கு யோவானுடையது. அவருடைய விரல் எலும்புகள் என்று போற்றப்படும் புனிதப் பொருளை வைத்திருந்த அந்த ஊரின் சின்னம். கிரீடம், சவோய் ஒரு தனிச் சிற்றரசாக இருந்த காலத்தின் நினைவு.

மொத்தம் ஐந்து பாகங்கள்தான்: அலகு, கைப்பிடி, ஆணி, கைப்பிடியின் தலையில் நிலையாக இருக்கும் உலோகப் பட்டை, அதன்மேல் சுழலும் பூட்டு வளையம். முதல் 65 ஆண்டுகள் இந்தக் கத்திக்கு அந்த வளையமே இல்லை. மரத்தின் இறுக்கத்தை நம்பித்தான் அலகு நின்றது. கை சறுக்கினால் விரல்மேல் மடங்கியிருக்கும். 1955இல் ஜோசப்பின் மகன் மார்செல் ஒபினெல் சுழல் வளையத்தைச் சேர்த்தார். திறந்த பிறகு வளையத்தை அரை விரல் அளவு திருப்பினால் அலகின் பின்புறம் அடைபட்டுவிடுகிறது. வில் கிடையாது, திருகாணி கிடையாது, கெட்டுப்போக எதுவும் கிடையாது. 2000ஆம் ஆண்டிலிருந்து, மடக்கிய நிலையிலும் அலகைப் பூட்டிவைக்கும்படி வளையத்தைத் திருத்தினார்கள். பையில் தானாகத் திறந்துகொள்ளாது என்பதால் எனக்கு இந்தத் திருத்தம் மிகவும் முக்கியம். 6ஆம் எண்ணும் அதற்கு மேற்பட்டவையும் மட்டுமே வளையத்தோடு வரும்; 5 வரை வளையம் இல்லை.

ஏன் 7, ஏன் எல்லோரும் சொல்லும் 8 இல்லை? எட்டின் அலகு 8.5 செ.மீ., ஏழின் அலகு 8 செ.மீ. அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். கைப்பிடியின் பருமனில் அது இன்னும் நன்றாகத் தெரிகிறது. எட்டு கால்சட்டைப் பையில் துருத்தும். ஏழு சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நிற்கும். எடை 50 கிராமுக்கும் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. பஸ் நிறுத்தத்திலோ அலுவலகத்திலோ கத்தியை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் திடுக்கிடக் கூடாது. மரப்பிடியும் சிறிய அலகுமாக இருக்கும் 7ஆம் எண்ணை எடுத்து மாம்பழம் நறுக்கினால், பெரும்பாலும் "எங்கே வாங்கினீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். தினமும் கூட வரும் கத்திக்கு இந்த இணக்கம் வேண்டும். ரொட்டியும் தர்பூசணியும் நிறைய நறுக்குகிறவர், கை பெரிதாக உள்ளவர், எட்டையே வாங்கலாம்.

இனி எஃகு. ஒபினெல் இரண்டு எஃகுகளில் வருகிறது. ஒன்று ஏறக்குறைய 0.9 சதவீதம் கரிமம் கொண்ட கார்பன் எஃகு. மற்றது துருப்பிடிக்காத எஃகு. கார்பன் எஃகைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். நம் வீடுகளில் அரிவாள்மனை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வாழைப்பூ நறுக்கிய கையோடு பாட்டி அதைக் கழுவி, துணியால் துடைத்து, சுவரோரம் சாய்த்து வைப்பார். துடைக்காமல் வைத்தால் மறுநாள் காலையில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். கார்பன் அலகுக்கு வேண்டியது அந்த ஒரு பழக்கம்தான். அதற்குக் கைம்மாறாக, சாதாரணக் கல்லிலேயே சில நிமிடங்களில் முடியை மழிக்கும் கூர் ஏறும். மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் என்று நறுக்க நறுக்க அலகு முதலில் நீலம் பாய்ந்து, பிறகு சாம்பல் நிறமாகி, கடைசியில் கருமையாகப் படிந்துவிடும். இந்தக் கறுப்பு துரு அல்ல, செந்துருவுக்கு ஓரளவு தடை. என் கத்தியில் முதல் ஆண்டு மாங்காய்ப் பருவத்தில் விழுந்த கறை இன்னும் அடிப்பகுதியில் இலை வடிவத்தில் இருக்கிறது.

கடலோர ஊரில் இருக்கிறீர்கள், வியர்வை அதிகம், கழுவித் துடைக்க நேரமிருக்காது என்றால், தயங்காமல் துருப்பிடிக்காத எஃகை வாங்குங்கள். கூர் ஏற்றக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே. கார்பன் அலகு முதல் சில வாரங்களில் புளிப்பான பழங்களுக்கு இரும்பு வாடை ஏற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்புப் படிந்த பிறகு அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

மழைக்காலத்தில் உங்களுக்கு ஒரு தொல்லை வரும், உறுதியாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் பீச் மரம் ஈரத்தைக் குடித்து உப்பி, அலகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் போகும். இதற்குச் சவோய்க்காரர்கள் வைத்திருக்கும் வழி எளிமையானது: வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, கைப்பிடியின் வால்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகின் முனை தானாக வெளியே எட்டிப் பார்க்கும்; பிடித்து விரித்துக்கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், வெயில் காலத்தில் கைப்பிடியின் பிளவுக்குள் உப்புத்தாளை மடித்து வைத்து லேசாகத் தேய்த்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை நன்றாக ஊற வையுங்கள். வெளிப்பக்கம் வார்னிஷ் பூசி வருகிறது. பிளவின் உட்பக்கம்தான் ஈரத்தை இழுக்கும். நான் அதை இரண்டு முறை செய்தேன். மூன்றாவது மழைக்காலத்திலிருந்து கத்தி ஒழுங்காகத் திறக்கிறது.

ஒபினெல் பொருந்தாதவர்கள் யார்? வெட்டுவதோடு திருகவும் துளையிடவும் டப்பா திறக்கவும் வேண்டியவர்கள். அவர்களுக்கு விக்டோரினாக்ஸ். சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் 1884இல் கார்ல் எல்செனர் பட்டறை தொடங்கி, 1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தார். ஒரு அலகு, டப்பா திறப்பான், திருப்புளி, துளைக்கும் ஊசி. சிப்பாய் தன் துப்பாக்கியைக் கழற்றவும் உணவு டப்பாவைத் திறக்கவும் தேவையானவை இவை மட்டுமே. தக்கைத் திருகு அதில் கிடையாது. அது 1897இல் பதிவு செய்யப்பட்ட அதிகாரிகள் கத்தியில்தான் வந்தது. தாய் விக்டோரியாவின் பெயரோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் சேர்ந்து 1921இல் இன்றைய பெயர் உருவானது. சிவப்புப் பிளாஸ்டிக் பிடியைவிட, அலுமினியத் தகட்டுப் பிடி போட்ட 93 மில்லிமீட்டர் 'பயனியர்' எனக்கு மிகவும் பிடிக்கும். அதிலும் அலகு மெல்லியதுதான். மின்வேலை செய்யும் என் நண்பர் ஒருவருக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். அவர் கையில் ஒபினெல் ஒரு மாதம் தாங்கியிருக்காது.

விக்டோரினாக்ஸ் போலவே, பூட்டு இல்லாமல் முதுகில் உள்ள வில்லின் அழுத்தத்தில் நிற்கும் கத்திகள் ஒரு பெரிய குடும்பம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் அதன் தாய்வீடுகள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் கேஸ் நிறுவனம் இன்றும் செய்கிறது. ஸ்டாக்மேன் என்ற வகையில் மூன்று அலகுகள், மூன்றும் மாட்டுப் பண்ணை வேலைக்கென்றே அமைந்தவை. அவற்றில் ஒன்று கன்றுகளுக்குக் காயடிக்க. இந்தக் குடும்பத்தில் வாங்கும்போது கண்ணை நம்புங்கள். கத்தியை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பொருத்தம் சரியில்லை. அலகைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. மடக்கும்போதும் விரிக்கும்போதும் 'டக்' என்று தெளிவான ஓசை வர வேண்டும். நல்ல வில்லின் ஓசையை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மட்டமானதை வாங்க மனம் வராது.

இவற்றின் பழைய கைப்பிடிகளில் மிளா மான் கொம்பு போட்டிருப்பார்கள். அதில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து போனது. உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் வேட்டைக் கொம்பும் சேர்ந்துபோனதால் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று வருபவற்றில் பல, மாட்டெலும்பைக் கொத்திச் சாயமேற்றிக் கொம்புபோல் ஆக்கியவை. எலும்பு நன்றாகவே இருக்கிறது. இந்தியாவில் யாராவது அசல் மான்கொம்புப் பிடி என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்காது, அனுமதித்தாலும் மனம் ஒப்பக் கூடாது.

என் மனதில் ஒபினெலுக்கு மிக நெருக்கமாக நிற்பது ஜப்பானின் ஹிகோனோகாமி. கோபே நகருக்குப் பக்கத்தில் உள்ள மிகி என்ற கொல்லர் ஊரில் 1890களில் உருவானது. ஒரே தகட்டை மடித்துச் செய்த பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோல்தான் அதன் உயிர். வெட்டும்போது கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருக்கும், அந்த அழுத்தமே பூட்டு. நல்லவற்றில், கெட்டியான 'நீலத்தாள்' எஃகை நடுவில் வைத்து இருபுறமும் மென்மையான இரும்பைச் சேர்த்து அடித்திருப்பார்கள். எஃகைச் சுற்றிவந்த காகிதத்தின் நிறத்தால் வந்த பெயர் அது. ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரிடமும் இந்தக் கத்தி இருந்தது. பென்சில் சீவவும் மூங்கில் பொம்மை செய்யவும். 1960 அக்டோபரில் சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமாவை மேடையிலேயே 17 வயது இளைஞன் குறுவாளால் குத்திக் கொன்றான். அதையடுத்துப் பிள்ளைகளிடமிருந்து கத்திகளை விலக்கும் இயக்கம் நாடெங்கும் பரவியது. அந்தக் கொலைக்கும் ஹிகோனோகாமிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஆனால் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரை உரிமையோடு பொறிக்கும் பட்டறை மிகியில் நாகாவோ குடும்பத்தினுடையது ஒன்றுதான். பென்சில் சீவுவதும் மரம் செதுக்குவதும்தான் உங்கள் முக்கிய வேலை என்றால், இதை ஒபினெலுக்கு முன்னால் வைப்பேன். பழத்துக்கு அல்ல, பிடியின் மடிப்புக்குள் சாறு இறங்கினால் சுத்தம் செய்வது கடினம்.

தேனீ பொறித்த லயோல் கத்தியை எல்லோரும் விசாரிப்பார்கள். பிரான்ஸின் ஒரு சிற்றூரின் பெயர் அது. உலகின் எந்த மூலையில் செய்த மட்டக் கத்தியிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். பெயரை மட்டும் நம்பி வாங்காமல், யார் செய்தது என்று விசாரியுங்கள். அசலானவற்றில் நிறைய, தியேர் என்ற கத்தி நகரத்தில் செய்யப்படுகின்றன. துரோல் ஆற்றின் நீர்ச்சக்கரங்களில் அவ்வூர்ச் சாணைக்காரர்கள் பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு அலகு தீட்டியவர்கள். ஈரத்திலும் குளிரிலும் கால் விறைக்காமலிருக்கத் தங்கள் நாயைக் கால்மேல் படுக்கவைத்துக்கொள்வார்கள். அந்தப் பழைய படங்களைப் பார்த்த பிறகு எந்தக் கத்தியின் விலையையும் அடித்துப் பேச எனக்கு மனம் வந்ததில்லை.

பேனாக்கத்தி என்று நாம் சொல்வதும் ஒரு தொழிலின் எச்சம். பேனா என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியில் இறகைக் குறிப்பது. இறகுப் பேனாவின் முனையைச் சீவ எழுத்தர்கள் வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. நம்மிடமும் அதன் உறவு ஒன்று இருந்தது: மடக்கெழுத்தாணி. எழுத்தாணியும் ஓலையைச் சீவும் சிறு கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். எழுதுகிறவனுக்கு இடுப்பில் ஒரு மடக்குக்கத்தி வேண்டும் என்பதை ஓலை எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

சட்டம் பற்றி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள், வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் ஆனவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதமாகக் கொள்கின்றன. 8 சென்டிமீட்டர் அதற்குள் வெகுவாக அடங்கும். ஆனாலும் நீதிமன்றம், மெட்ரோ ரயில், பெரிய வணிக வளாகம் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி எந்த நாட்டிலும் வேண்டாம். பிரிட்டனில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் எடுத்துச் செல்ல முடியும். ஒபினெல் 7 நீளத்தாலும் வளையத்தாலும் அதற்குள் வராது; 6 செ.மீ. அலகுள்ள, வளையம் இல்லாத 5ஆம் எண் வரும். விமானத்தில் எந்த அளவானாலும் கைப்பைக்குள் கூடாது. என் முதல் ஒபினெல் ஒரு விமான நிலையச் சோதனை மேசையில்தான் போனது. பையை முந்தின இரவே பார்த்திருக்க வேண்டும். அந்தக் கத்தியின் கறையைக்கூட இன்னும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

தீட்டுவதற்கு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் நீர்க்கல், 1000 எண் நயமுள்ளது, ஒன்று போதும். அலகைக் கல்லில் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, முதுகை இரண்டு மூன்று நாணய உயரத்துக்குத் தூக்கி, இருபுறமும் சம எண்ணிக்கையில் தேய்த்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பத்து இழுப்பு. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத வளையம் தெரியும். அதில் நான்கு இழுப்பு இழுத்தால் தக்காளித் தோல் மறுக்காமல் வெட்டும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர்கள் கை பொன்னான கை. ஆனால் இவ்வளவு மெல்லிய விளிம்பு வேகமான சக்கரத்தின் சூட்டில் நொடியில் நீலம் பாய்ந்து பதம் இழந்துவிடும். அதன்பின் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஆணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும்.

வாங்கும்போது முடிந்தால் நேரில் இரண்டு மூன்றை விரித்துப் பாருங்கள். மரம் என்பதால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்று இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் இருக்கும். கோடையில் வாங்கினால் சற்றுத் தளர்வானதையே எடுங்கள், மழைக்காலம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மடக்கியபடி உலுக்கிப் பாருங்கள், வளையம் நழுவக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புளிப்பான மாங்காய் ஒன்றை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, அலகைக் கழுவி, உலரத் துடைத்து மடக்கி வையுங்கள்.